பதினான்கு கிலோ அதிகம்

நாங்கள் கட்டிய விமானத்தைத் தராசில் ஏற்றிய அன்று, கொட்டகையின் கதவுகளையெல்லாம் அடைக்கச் சொல்லிவிட்டார் விமானத் துறை ஆய்வாளர். ஃபேனையும் நிறுத்தியாயிற்று. இறக்கை மேல் லேசாகக் காற்று ஓடினாலும் தராசு தப்பாகக் காட்டுமாம். ஷார்ஜாவில், செப்டம்பர் மாதத்தில், தகரக் கொட்டகைக்குள் கதவை அடைத்துக்கொண்டு நிற்பது என்றால் என்னவென்று அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். மூன்று சக்கரங்களுக்கும் கீழே மூன்று தராசுகள். அவர் மூன்றையும் கூட்டினார். மறுபடியும் கூட்டினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் என் கூட்டாளியான ஆஸ்திரேலியக்காரரின் முகத்தைப் பார்த்தார்.

பதினான்கு கிலோ அதிகம்.

இந்த வகைக் குட்டி விமானம் மொத்தமாக இவ்வளவு எடைதான் தூக்கலாம் என்று ஒரு வரம்பு உண்டு. அதில் வெறும் விமானத்தின் எடை போக மிச்சமிருப்பதுதான் ஆளுக்கும் பெட்ரோலுக்கும். எங்கள் மிச்சம் ஓர் ஆளோடு தீர்ந்துபோயிற்று. இரண்டாவது சீட்டில் ஆள் ஏற அந்தப் பதினான்கு கிலோ இடித்தது. "ஒருவர் மட்டும் பறந்துகொள்ளுங்கள், பிரச்சினை இல்லை," என்றார் ஆய்வாளர். பிரச்சினை இல்லையாம்! என் வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொல்லிப் பார்க்கட்டும்.

ஷார்ஜாவின் ரோலா பகுதியில் நான் கார்கோ கடை வைத்திருக்கிறேன். ஊருக்குப் பெட்டி அனுப்புகிற கடை. ஆஸ்திரேலியக்காரர் ஒரு விமான நிறுவனத்தில் இன்ஜின் வேலை பார்ப்பவர். விடுமுறை நாட்களில் சிறு விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் உரிமமும் உள்ளவர். அவர் ஊரிலிருந்து கடல் வழியாக ஆள் உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி வந்தபோது, துறைமுகத்திலிருந்து அதை எடுத்துத் தந்தது நான்தான். உள்ளே அலுமினியத் தகடுகளும், அவற்றை இணைத்து அடிக்கிற ரிவெட்டுகள் மூட்டை மூட்டையாகவும் இருந்தன. இரண்டு பேர் அருகருகே உட்காரும், இரண்டு பக்கமும் ஓட்டும் பிடி உள்ள விமானமாம் அது. அவர் ஊரில் வாத்தியார், பால் பண்ணைக்காரர் எல்லாம் வீட்டு கார் ஷெட்டிலேயே விமானம் செய்து, ஞாயிற்றுக்கிழமை அதில் ஏறிப் பக்கத்து ஊருக்குப் போய்ப் பசியாறிவிட்டு வருவார்களாம். கேட்டுவிட்டுச் சிரித்தேன். ஒரு மாதம் கழித்துப் பாதிப் பங்கு கேட்டுப் போய் நின்றேன்.

அதன் பிறகு கடை நேரம் போக மற்ற நேரமெல்லாம் ரிவெட்டுதான். விமானம் ஓட்டவும் கற்று லைசென்ஸ் வாங்கினேன். வால் பகுதி முழுவதும் எங்கள் ஃபிளாட்டின் ஹாலில்தான் உருவானது, ஏனென்றால் ஏசி அங்கேதான் இருந்தது. சோபா பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. என் மனைவி தகட்டைப் பிடித்தாள், துளை ஓரத்துப் பிசிரைத் தேய்த்து எடுத்தாள், கடைசியில் இரண்டு சீட்டுகளையும் தானே தைத்தாள். பதிலுக்கு அவள் கேட்டது ஒன்றுதான்.

"ஆள் ஏத்தலாம்னு சொன்ன அன்னைக்கு என்னைத்தான் மொதல்ல ஏத்தணும். இத்தனை வருசமா இந்த ரோலாவுல எதிர் பில்டிங் ஏசி மிஷினைத் தவிர நான் என்னத்தப் பாத்தேன்?"

சரி என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

அன்று வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். "நீ கொஞ்சம் இளைச்சா..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

"மொதல்ல உங்க தொந்தியைக் கழட்டித் தராசுல வைங்க. பதினாலு அதுலயே போயிரும்," என்றாள்.

அடுத்த சில நாட்கள் என் தட்டில் பாதிச் சோறுதான் விழுந்தது.

பிறகு ஒரு விடுமுறை நாளில், கேட்காமலேயே காரில் வந்து ஏறிக்கொண்டாள். கொட்டகையில் விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்து கஸ்டம்ஸ்காரர் மாதிரி பார்த்தாள். கதவைத் திறந்தாள், தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள்.

"நம்ம கடையில ஒருத்தன் பெட்டி எடை கூடிப்போனா என்ன செய்வீங்க?"

"பிரிக்கச் சொல்வேன்."

"அப்பப் பிரிங்க."

எனக்குச் சுருக்கென்றது. லீவுக்கு ஊர் போகிறவர்கள் விமான நிலையத்துக்குப் போகும் முன் பெட்டியை எடை போட என் கடைக்குத்தான் வருவார்கள். எப்படியும் கூடத்தான் இருக்கும். "ஒரு கிலோதானே பாய், விடுவாங்க," என்பார்கள். விட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். கயிற்றை அவிழ்க்கச் சொல்வேன். பால் பவுடரா, போர்வையா, பிள்ளைக்கு வாங்கிய சைக்கிளா என்று அவர்கள் நடைபாதையில் குத்தவைத்துத் தவிப்பார்கள். ஒவ்வொரு பொருளிலும் ஒரு முகம் இருக்கும். நான் டீ குடித்துக்கொண்டே, "போர்வையை எடு, ஊரில் கிடைக்கும்," என்று தீர்ப்புச் சொல்வேன். அப்படிப்பட்டவனுக்குத் தன் பெட்டியில் மட்டும் எல்லாமே அவசியமாகப் பட்டது.

எதையெல்லாம் திணித்திருந்தோம் என்று அன்றுதான் கண்ணில் பட்டது. தரைக்கு வீட்டுக் கார்பெட். தேவையில்லாத இரண்டாவது ரேடியோ. துபாய் தேராவின் கடைகளில் அலைந்து நிறம் தேடி நான் மூன்று தடவை அடித்த தங்க நிற பெயின்ட். பழைய கனத்த பேட்டரி. ஆஸ்திரேலியக்காரர் ஆசையாகப் போட்ட குண்டு டயர்கள். பெல்ட், தீயணைப்பான் போன்ற பாதுகாப்புப் பொருட்களில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

என் மனைவி முதலில் கை வைத்தது தன் சீட்டில். இரட்டை ஃபோம், பூப்போட்ட சோபாத் துணி, ஓரமெல்லாம் பின்னல். கத்தரிக்கோலை எடுத்துத் தையலைக் கரகரவென்று பிரித்தாள். நிமிரவே இல்லை. அதைப் பார்த்த பிறகு என் தங்க நிறத்தைப் பற்றிப் பேச எனக்கு ஏது வாய்? உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். கை எரிய எரியத் தேய்த்தேன்.

டயருக்கு மட்டும் பெரிய பஞ்சாயத்து. ஆஸ்திரேலியக்காரர் தன் ஊரில் செம்மண் தரையில், மாட்டு மந்தைக்கு நடுவில் இறங்கிப் பழகியவராம். என் மனைவி இடுப்பில் கை வைத்து நின்றாள். "மிஸ்டர், ஹியர் ரோடு. செம்மண் மாஃபி. மாடு மாஃபி. திஸ் டயர் கலாஸ்." மாஃபி என்றால் இல்லை, கலாஸ் என்றால் முடிந்தது; அவளுக்குத் தெரிந்த அரபி அவ்வளவுதான். அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். டயர் கழன்றது.

எடை குறைந்தால் மட்டும் போதாது, முன்னும் பின்னும் சமமாக நிற்கவும் வேண்டும். அதனால் பேட்டரியை மாற்றி, இடத்தையும் மாற்றி, எல்லாவற்றையும் திரும்பச் சோதித்தோம். மறுபடி ஆய்வாளர், மறுபடி அடைத்த கதவு. என் மனைவி ஒரு மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து உதடு அசைய ஓதிக்கொண்டிருந்தாள். அவர் கூட்டினார். மறுபடி கூட்டினார். பிறகு இரண்டு விரலைக் காட்டினார்.

இரண்டு பேர்!

நான் கத்திய கத்தலில் பக்கத்து ஒர்க்‌ஷாப்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். வேர்வையோடு ஆஸ்திரேலியக்காரரைக் கட்டிப்பிடித்தேன், ஆய்வாளரையும் விடவில்லை. வாழ்க்கையில் எத்தனையோ பெட்டியைத் தராசில் ஏற்றியிருக்கிறேன். அன்றைக்குப் போல நெஞ்சு நிமிர்ந்ததில்லை.

ஆஸ்திரேலியக்காரர் முதலில் தனியாகப் பறந்து பார்த்தார். பிறகு நான். விதிப்படி தனியாகப் பறக்க வேண்டிய மணிநேரமெல்லாம் முடிந்து, குளிர்காலத்தில் ஒரு காலை, வடக்கே கடலோரத்து ஓடுபாதைக்கு என் மனைவியை அழைத்துப் போனேன். மெல்லிய சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை இறுக்கிக்கொண்டாள். "பிஸ்மில்லாஹ்" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். இன்ஜின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலைத் தள்ளினேன். சக்கரம் தரையை விட்டது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான். நாங்கள் ஹாலில் குனிந்து குனிந்து அடித்த ரிவெட்டெல்லாம் சேர்ந்து எங்களைத் தூக்கிக்கொண்டு போனது. கீழே அலையாத்திக் காடு, அதற்குள் பச்சையாக வளைந்து போகும் தண்ணீர், மணலில் புள்ளி புள்ளியாக ஒட்டகங்கள். அவள் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். "மாஷா அல்லாஹ்," என்றாள். கொஞ்ச நேரத்தில் காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் அவள் அதிகாரம் கேட்டது. "அந்தத் தண்ணிக்கு மேல போங்க. இல்ல, அந்தப் பக்கம். மெதுவா." அவள் சொன்ன பக்கமெல்லாம் திருப்பினேன்.

இறங்கும்போது ஒரு குதி, பிறகு இன்னொரு சின்னக் குதி. ஆஸ்திரேலியக்காரர் ஓடி வந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்தார். அவள் பெல்ட்டைக் கழற்றவில்லை.

"மிஸ்டர், யூ டீச் மீ," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்ககிட்டக் கத்துக்க மாட்டேன். நீங்க எறக்கினதத்தான் பாத்தேனே," என்றாள்.

இரண்டாவது சீட்டுக்காக அவ்வளவு பாடுபட்டோம். அவளுக்குக் கண்ணெல்லாம் முதல் சீட்டில்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். விமானத்தைச் சுற்றி என் பக்கம் வந்து, "இறங்குங்கள் பாய்," என்றார். இறங்கினேன். ஓடுபாதை ஓரத்தில் நின்று, அவர்கள் மேலே ஏறும்போது கையை ஆட்டினேன். அவள் பதிலுக்குக் கை காட்டவில்லை. அவளுடைய இரண்டு கையும் வேலையாக இருந்தன.