தலைக்கு மேலே போன தம்பி

"...அதுலதான் உன் தம்பி கீறான்னா, ஒரு கயித்தப் போட்டு நம்ம வூட்டு மேலயே எறங்கச் சொல்லுமே! எதுக்கு மெட்ராஸ் வரைக்கும் போய்ட்டு, அங்கேந்து திரும்பி வரணும்?"

மாமனாரின் அக்கா, எங்களுக்கெல்லாம் பெரியத்தை, வானத்தைக் காட்டி இப்படிச் சொன்னதும் பந்தலில் இருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். மேற்கிலிருந்து வந்த விமானம் ஒன்று எங்கள் பெருநகர் கிராமத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அது பம்பாய் விமானம்தானா என்று யாருக்குத் தெரியும்? நான் மட்டும் அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டேன்.

அன்று என் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். எனக்கு இருப்பது ஒரே தம்பி, பம்பாயில் வேலை. கடைசி நேரத்தில்தான் லீவு கிடைத்தது, ரயில் ஏறினால் ஒரு நாளுக்கு மேல் ஆகும், அதனால் விடிகாலை விமானத்தில் வருகிறேன் என்று தந்தி கொடுத்திருந்தான். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம். இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடுமாம். அதை நம்பிக் காலையிலேயே நேரம் குறித்துவிட்டோம். விமானத்தில் வருகிறவனும் செங்கல்பட்டில் ஒரு பஸ், உத்திரமேரூரில் ஒரு பஸ் மாறித்தான் ஊருக்கு வர வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

விமானம் மறைந்த பிறகுதான் மாமனாருக்கு உறைத்தது. "மீனம்பாக்கத்துல எறங்கி வர்றதுக்குள்ள மதியம் ஆயிடும்மா. பத்தரைக்கு ராகு காலம். உன் சித்தப்பா புள்ள கீறானே, அவனும் மாமன் முறைதான? அவன உக்கார வெச்சிடலாம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. காது குத்த வந்த பத்தரும் ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் தலையை ஆட்டினேன்.

"இன்னாமே, மூஞ்சி இப்டி கீது?" என்றார் பெரியத்தை.

"வானத்துல வந்தும் வந்து சேரலயே அத்தை."

தம்பி அன்று உச்சிவேளைக்கு மேல் வேர்த்து விறுவிறுத்து வந்தான். அவன் மடியில்தான் என் மகளுக்குக் காது குத்தினோம். வானத்தில் வந்த நேரத்தைவிட பஸ்ஸில் வந்த நேரம்தான் அதிகம் என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பான். அந்த மடி என் மகளுக்குக் கிடைத்தது பெரியத்தையின் புண்ணியம்.

காது குத்தி முடிகிறவரை வீட்டில் யாரும் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். பெரியவர்களில் ஒருவர் சாப்பிட்டுவிட்டால் குறித்த நேரம் போச்சு, அடுத்த நல்ல நேரம்தான் பார்க்க வேண்டும். அதை எல்லாரையும் அதட்டிக் காப்பாற்றி வந்தவரே பெரியத்தைதான். வடைச்சட்டிப் பக்கம் போன மாமனாரைக்கூட, "வயசு ஏறிக்கினே போவுது, வவுறு மட்டும் அடங்கலியா உனக்கு?" என்று விரட்டியிருந்தார்.

தம்பி வந்து சேரவில்லையே என்று நான் சொன்னதைக் கேட்ட பெரியத்தை, பந்தலுக்கே கேட்கும்படி, "டேய் தம்பி, எனக்குப் பசி தாங்கலடா!" என்றார்.

"ஐயையோ, இன்னாக்கா இது, இன்னும் காது குத்தலியே!" என்று மாமனார் எழுந்து ஓடிவருவதற்குள், பெரியத்தை பந்தலின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தானே ஓர் இலையை விரித்துத் தண்ணீர் தெளித்து, பக்கத்திலிருந்த குண்டானிலிருந்து கையாலேயே சோற்றை அள்ளிப் போட்டு, முதல் கவளத்தை வாயில் வைத்தார்.