ஒவ்வாமை: இல்லை

ஆபீஸில் அவளுக்கு 'இம்மி அக்கா' என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. டிசைனர் வரைந்து கொடுக்கிற படத்தைப் பார்த்து, கம்ப்யூட்டரில் ஓடுகிற திரையாக அதை 'கோட்' என்கிற கம்ப்யூட்டர் மொழியில் எழுதித் தருவது அவள் தொழில். படத்தில் பொத்தான் எங்கே இருக்கிறதோ, திரையிலும் அங்கேதான் இருக்க வேண்டும். இம்மி பிசகினாலும் விடமாட்டாள். "இது யாருக்குக்கா தெரியப்போகுது?" என்று எவனாவது கேட்டால், "எனக்குத் தெரியுதே, பத்தாதா?" என்பாள். அப்புறம் அவளிடம் யார் வாய் கொடுப்பார்கள்?

வாய்தான் அப்படி. ஆள் சரியான பயந்தாங்கொள்ளி. லிஃப்டில் தனியாக ஏறமாட்டாள். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுத்துப் புருஷன் கையில் கொடுத்துவிடுவாள். அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். பஸ் நிறையப் பிள்ளைகள் கத்தினாலும் கண் சிமிட்டாத மனுஷன். "பயப்படறதுக்குன்னு தனியா சம்பளம் தர்றாங்களா உனக்கு?" என்று சிரிப்பார். அவர் சிரிக்கலாம். கல்யாணமான புதிதில், தொண்டை வலிக்கு யாரோ கொடுத்த பென்சிலின் மாத்திரையை விழுங்கிவிட்டு முகம் வீங்கி, மூச்சு அடைத்து, அவள் மடியிலேயே சாய்ந்தவர் அவர். பிழைத்தது மறுபிறவி. அதிலிருந்து எந்த டாக்டர் வாசலை மிதித்தாலும், பல் பிடுங்கப் போனால்கூட, "இவருக்குப் பென்சிலின் ஆகாது" என்பதுதான் அவள் முதல் பேச்சு.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் ஏஜென்ட் வந்தது. மனுஷ ஏஜென்ட் இல்லை, ஏஐ ஏஜென்ட். படத்தைக் கொடுத்தால் போதும், அதுவே பார்த்து அதுவே கோட் எழுதிவிடும். இவள் வாரக்கணக்கில் உட்கார்ந்து எழுதுவதை அது டீ ஆறுவதற்குள் முடித்துவிடும். எல்லாரும் விழுந்து விழுந்து கவனித்ததில் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பட்டப்பெயர் விழுந்தது. மேலாளருக்கு ஏற்கெனவே 'நேத்து சார்' என்று பெயர். எந்த வேலையைக் கொடுத்தாலும் "இது நேத்தே முடிஞ்சிருக்கணுமே" என்பார். மாப்பிள்ளை வந்தபின் அவர் காலே தரையில் படவில்லை. பக்கத்து நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. இம்மி அக்கா மட்டும் மிஞ்சினாள், மாப்பிள்ளை செய்ததைச் சரிபார்க்க.

தினமும் காலையில் மெயிலைத் திறந்ததும் வேலை போன சேதி இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவாள். இன்றைக்குத் தன் சீட்டுக் கிழிந்துவிடுமோ என்றே நாள் ஓடும். அந்தப் பயத்தில் ஒரு பழக்கத்தை விட்டுவிட்டாள். முன்பெல்லாம் கையால் எழுதும்போது, டிசைனர் பொண்ணிடம் எழுந்து போய் நச்சரிப்பாள். "பேர் நீளமா இருந்தா எங்கே மடங்கும்மா? படம் இல்லாத ஆளுக்கு என்ன காட்டணும்?" கேட்டுக் கேட்டு அந்தப் பெண்ணை அழவே வைத்திருக்கிறாள். இப்போது எழுந்து போனால், "மாப்பிள்ளை கேக்கலையே, நீங்க ஏன் கேக்கறீங்க?" என்பார் நேத்து சார். எதற்கு வம்பு? நாற்காலியை விட்டு அசைவதில்லை. படத்தையும் திரையையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து மாற்றி மாற்றித் தட்டுவாள். எழுத்து இடம் மாறித் துள்ளினால் தப்பு, துள்ளாவிட்டால் சரி. மாப்பிள்ளையின் வேலையில் எதுவும் துள்ளியதே இல்லை.

அப்படித்தான் ஒருநாள் ஆஸ்பத்திரித் திரை வந்தது. கட்டிலருகே நர்ஸ் கையில் வைத்துப் பார்ப்பது. மேலே நோயாளி பெயர், வயது, கட்டில் எண். அதற்குக் கீழே 'ஒவ்வாமை: இல்லை'. தட்டிப் பார்த்தாள், ஒரு புள்ளி அசையவில்லை. படத்தில் 'இல்லை', திரையிலும் 'இல்லை'. சோதித்துப் பார்க்க வைத்திருந்த பொய் நோயாளிக்கும் ஒவ்வாமை கிடையாது. 'இருந்தா எப்படிக் காட்டும்?' என்று ஒரு கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நேத்து சார் அந்தப் பக்கமாக நடந்து போனார். கேள்வியை அப்படியே விழுங்கிவிட்டு 'சரி' என்று அழுத்தினாள்.

திரை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில், புருஷன் பஸ் படியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டார். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. கொண்டுபோய்ச் சேர்த்தது அதே ஆஸ்பத்திரியில்தான். பதிகிற இடத்தில் பென்சிலின் கதையைச் சொல்லி, அந்தப் பையன் அதைத் தட்டெழுதுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நகர்ந்தாள்.

ஆபரேஷன் முடிந்து அவர் மயக்கம் தெளியாமல் கிடந்தார். நர்ஸ் ஊசித் தட்டோடு வந்தாள். கையில் அந்தத் திரை. இம்மி அக்காவுக்கு அந்த நேரத்திலும் ஒரு சின்னப் பெருமை. எட்டிப் பார்த்தாள். எல்லாம் கோணாமல் வரிசையாக நின்றது. அப்புறம்தான் அந்த ஒவ்வாமை வரியை முதல்முறையாக அர்த்தத்தோடு படித்தாள்: 'இல்லை'.

"சிஸ்டர், அது என்ன ஊசி?"

"காயத்துல சீழ் பிடிக்காம இருக்கறதுக்கும்மா. பென்சிலின் மாதிரிதான்."

"ஐயோ, போடாதீங்க! அவருக்கு ஆகாது!"

"இதுல ஒவ்வாமை இல்லைன்னு போட்டிருக்குதேம்மா."

இம்மி அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "அட்மிஷன்ல பாருங்க சிஸ்டர், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." நர்ஸ் முகத்தைச் சுளித்துக்கொண்டு மேசைக் கம்ப்யூட்டருக்குப் போய்ப் பதிவைத் திறந்தாள். அதில் தெளிவாக இருந்தது: பென்சிலின், கடுமையான ஒவ்வாமை.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. புருஷன் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள், சூடாக இருந்தது, மூச்சு சீராக இருந்தது. ஆனால் உட்கார முடியவில்லை. நர்ஸ் கையிலிருந்த திரையை வாங்கிப் பக்கத்துக் கட்டில்காரரைத் திறந்தாள். இல்லை. அடுத்தவர். இல்லை. அதற்கடுத்த கிழவர். இல்லை. ஈயடிச்சான் காப்பி! பெயரும் வயதும் ஆளுக்கு ஆள் மாறும் என்று டிசைனர் பொண்ணு குறித்துக் கொடுத்திருந்தாள். இந்த ஓர் இடத்தில் மறந்துவிட்டாள். மாதிரிக்குப் போட்ட 'இல்லை'யை மாப்பிள்ளை அச்சடித்த எழுத்தாகவே எடுத்துக்கொண்டது. யார் வந்து படுத்தாலும் அது 'இல்லை' என்றுதான் சொல்லும்.

நேத்து சாரைப் போனில் கூப்பிட்டாள். "சார், ஆஸ்பத்திரி ஸ்கிரீனை உடனே நிறுத்துங்க."

"டிசைன்ல இருக்கறதுதானே வந்திருக்கு? நீங்கதானே ஓகே பண்ணீங்க?"

"ஆமா சார், நான்தான் பண்ணேன். வேலையை விட்டு எடுக்கணும்னா எடுங்க. முதல்ல நிறுத்துங்க!"

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், நர்ஸ் பேயறைந்த மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன சிஸ்டர்?"

"காலையில பக்கத்து வார்டுல ஒரு பொண்ணுக்கு இதே ஊசி போட்டேன். மூச்சு முட்டி ஐசியூவுல கிடக்கா. ஏற்கெனவே ஒவ்வாமை உண்டான்னு டாக்டர் கேட்டாரு. நான் இதைப் பார்த்துட்டு இல்லைன்னு சொன்னேன். அவரு வேற ஏதோன்னு நினைச்சு வைத்தியம் பார்த்துட்டு இருக்காரு."

டாக்டரிடம் சொல்ல இரண்டு பேரும் ஓடினார்கள். ஐசியூ கதவைத் தள்ளிக்கொண்டு நர்ஸ் உள்ளே போய்விட்டாள். கதவு இம்மி அக்காவின் முகத்துக்கு நேரே மூடிக்கொண்டது. வெளியே பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவள் ஓடி வந்த வேகத்தைப் பார்த்து, ஏதோ சேதி கொண்டுவருகிறாள் என்று எழுந்துவிட்டார்.

"என் பொண்ணும்மா உள்ள. காலையில என்கூட நல்லாப் பேசிட்டு இருந்தா." அவர் மூடிய கதவைக் காட்டினார். "சேர்க்கும்போதே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, இவளுக்கு அந்த ஊசி ஆகாதுன்னு. ஒருத்தர் காதுலயும் விழலையாம்மா?"

"விழுந்துச்சுங்கய்யா," என்றாள் இம்மி அக்கா. "எழுதியும் வெச்சிருக்காங்க. நான்தான்..."

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, மீதியைச் சொல்லட்டும் என்று நின்றார்.