மேல் தட்டில் ஒரு டென்னசிப் புட்டி

சாராயக் கடைக்கு நல்ல செய்தி சொல்ல வருகிறவர்கள் குறைவு, கெட்ட செய்தியை மறக்க வருகிறவர்கள்தான் அதிகம். என்னைப்போல நாள் முழுக்கக் கடையில் நின்று கால் வீங்கிப்போன உங்களுக்கு இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. பர்மாவில், பசுந்தாங் பேட்டையில், ஊ மியா என்ற பர்மாக்காரரின் சீமைச் சரக்குக் கடையில் எனக்குப் பாதி ஆயுள் கழிந்துவிட்டது. படிப்பு ஏறவில்லை. புட்டியில் உள்ள எழுத்தைவிட உள்ளே இருக்கிற நிறம்தான் எனக்குப் புரியும்.

கரிப் பாடம்

சரக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்த காலத்தில் கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்து, அமெரிக்காவில் டென்னசி என்ற சீமையின் விஸ்கியை எப்படிச் செய்கிறார்கள் என்று எங்களுக்குப் பாடம் நடத்தினாள். பாதிக்கு மேல் மக்காச்சோளம். நாம் பழைய மாவில் ஒரு கரண்டி எடுத்துப் புது மாவில் கலக்கிறோமே, அதுபோல முந்தின தடவை வடித்து மிஞ்சிய புளித்த தண்ணீரைப் புது ஊறலில் சேர்ப்பார்களாம். காய்ச்சி வடித்தால் பச்சைத் தண்ணீர் மாதிரி வரும். அதற்கப்புறம்தான் சங்கதியே. மேப்பிள் என்கிற மரத்தை அடுக்கி எரித்துக் கரியாக்கி, ஆளுயரத்துக்கும் மேலான தொட்டியில் நிரப்பி, மேலேயிருந்து சொட்டுச் சொட்டாக விடுவார்கள். அது அடிக்கு வந்து சேரவே நாள்கணக்கு ஆகும். பிறகு உட்புறம் தீய்த்த புது ஓக் பீப்பாயில் வருஷக்கணக்கில் கிடக்கும். பக்கத்துச் சீமை விஸ்கிக்கும் இதே சோளம், இதே பீப்பாய்தான், கரியில் இறங்குவதுதான் இதன் தனிக்குணம் என்றாள்.

அன்றிலிருந்து கேட்கிறவர்களுக்கெல்லாம் இந்தக் கதையை நான் சொல்வதுண்டு. போன மழைக்காலத்தில், கரண்டு போன ஒரு மத்தியானம், ஒரு லாரிக்காரரிடம் சொன்னேன். அட்டையால் விசிறிக்கொண்டே கடைசிவரை கேட்டார். "எங்க வீட்டுல சோறு வேகவே கரி பத்தல. அங்க சாராயத்துக்குக் கரி போடுறானா? கொடுத்துவெச்ச சாராயம்!"

தன்லியின்காரர்

அப்புறம் சரக்கு வருவது நின்றது. டென்னசிச் சரக்கில் ஒரே ஒரு புட்டி மிஞ்சியது. கடைக்கு ஒரு முகம் வேண்டும் என்று ஊ மியா அதை மேல் தட்டில் வைத்தார். எவ்வளவு பெரிய ஆள் வந்து கேட்டாலும் இறக்க மாட்டார்.

அந்த நேரம் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற தன்லியினிலிருந்து ஒருவர் இதே சரக்கு என்று ஒரு பெட்டி கொண்டுவந்தார். ஊ மியாவும் ஆசைப்பட்டு வாங்கிவிட்டார். நான் ஒன்றைத் திறந்து நாக்கில் வைத்தேன். கரியில் இறங்கியது நாக்கில் வழுக்கிக்கொண்டு போகும், பின்னால் கொஞ்சம் இனிப்பும் புகையும் நிற்கும். இதுவோ தொண்டையைப் பிறாண்டியது. காலிப் புட்டிகளைப் பொறுக்கி, உள்ளூர்ச் சாராயத்தை ஊற்றி மூடியிருக்கிறார்கள். அந்தப் பெட்டியைக் கீழ்த் தட்டுக்குத் தள்ளினோம். கேட்கிறவர்களிடம் உள்ளதைச் சொல்லிவிடுவோம். அந்த ஆள் மறுபடி வந்தபோது விடாமல் பிடித்துக் கேட்டேன். கொஞ்சமும் கூசாமல், பர்மிய வழக்கப்படி மாமா என்று கூப்பிட்டே சொன்னார்: "உலே, வெளிச்சட்டை அமெரிக்கா, உள்ள நம்ம ஊர்க்காரன். விசா கிடைக்காதவன் வேற எப்படிப் போவான், சொல்லுங்க?"

அட்வான்ஸ் வேண்டுதல்

எங்கள் கடை வாசலில் வெற்றிலைக் கடை போட்டிருப்பவள் செல்லம்மா. பர்மாக்காரர்களுக்கு மா செல்லா. ஒரே மகன் குமார். பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போவதற்குள் இளவட்டங்களையெல்லாம் பெற்றவர்களே ஊரைவிட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேல் உங்களுக்கே தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை. குமாரும் தாய்லாந்துக்குக் கிளம்பினான். போகிற அன்று கடைக்குள் வந்து மேல் தட்டைப் பார்த்துவிட்டு, "மாமா, நான் நல்லபடியாத் திரும்பி வந்தா முனியப்பனுக்கு அந்தப் புட்டிதான்" என்றான். அவன் வீட்டில் முனிக்குச் சுருட்டும் ரம்மும் வைப்பதுதான் வழக்கம். எல்லைக்குக் கிட்டே போனதும் ஒரு போன் வந்தது. அதோடு சரி.

மழை விட்டு வெயில் வந்தும் அடுத்த போன் வரவில்லை. ஒருநாள் செல்லம்மா உள்ளே வந்து, கீழ்த் தட்டைக் காட்டி, "அண்ணே, அதுல ஒண்ணு குடுங்க. வேண்டுதலை முன்கூட்டியே செஞ்சிடலாம்னு இருக்கேன். வாங்கிக்கிட்டாவது அவரு வேலையப் பார்ப்பாரு" என்றாள். சாமிக்கு அட்வான்ஸ்! எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அது போலிம்மா, தொடாதே" என்றேன். அவள் கை அப்படியே நின்றுவிட்டது. மேல் தட்டை அவள் கேட்கவில்லை, பார்க்கவுமில்லை. எங்கள் தமிழ் ஊ மியாவுக்குப் புரியாது. ஆனால் முகம் புரியும். என்ன சங்கதி என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, அந்தப் புட்டியைத் தானே இறக்கி, லுங்கி முனையால் தூசியைத் துடைத்தார். விலையை அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. என்னைப் பார்த்துப் பர்மியில் சொன்னார்: "அவ கையில குடு. உங்க சாமிகிட்ட போலியை அனுப்பிட்டு நான் இந்தத் தெருவுல எப்படிக் கடை வைக்கிறது?"

மூடி

க்யிம்யிண்டைங் பேட்டையில் ஆற்றோரத்து முனியப்பன் கோயிலுக்கு நானும் துணைக்குப் போனேன். பூசாரி சின்ன வயசுக்காரர். தமிழ் மந்திரத்தைப் பர்மிய எழுத்தில் எழுதிவைத்துப் படிப்பார். சுருட்டைப் பற்றவைத்தாயிற்று, வாழைப்பழம் வைத்தாயிற்று. சாமி முன்னால் மூடியைத் திறந்து கொஞ்சம் ஊற்றினால் வேண்டுதல் முடிந்தது என்று அர்த்தம். மீதி பிரசாதம். பூசாரி மூடியில் கை வைத்ததும் செல்லம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு தூரம் வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்திருக்கிறது, திறந்துவிட்டால் கணக்கு முடிந்துபோகுமே, பிள்ளை வராமலே முடிந்துபோகுமே என்று.

"அக்கா, மூடியத் திறக்காம சாமி எப்படிக் குடிக்கும்?" என்றார் பூசாரி, பாதி பர்மியில்.

அவள் புட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "எதிர்ல வெச்சுக் காட்டியாச்சு. அவன் வந்து திறப்பான். அதுவரைக்கும் சாமியும் காத்துக்கிட்டு இருக்கட்டும், நான் காத்துக்கிட்டு இல்லையா?"

வயசு

வீட்டில் குடிகாரக் கொழுந்தன் இருப்பதால் புட்டியை எங்கள் கடையிலேயே விட்டாள். அது திரும்பவும் மேல் தட்டுக்கே போய்விட்டது. போன வாரம் ஒரு கனவான் வந்து அதைத்தான் வேண்டும் என்று நின்றார். விற்பனைக்கு இல்லை என்றேன். "புரியுது. வெச்சிருந்தா வருஷத்துக்கு வருஷம் வயசு ஏறும், ருசி ஏறும், அதானே பாக்குறீங்க?" என்று கண்ணடித்தார். இல்லை ஐயா, வயசு ஏறுவதெல்லாம் பீப்பாயில் கிடக்கிற வரைக்கும்தான், புட்டியில் அடைத்து மூடிவிட்டால் எத்தனை வருஷம் ஆனாலும் அடைத்த அன்று இருந்த வயசுதான் என்று விளக்கிச் சொன்னேன். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்.

வாசலில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த செல்லம்மா எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வெற்றிலையை மடித்தபடி, தலை நிமிராமல் சொன்னாள்: "நல்லதாப் போச்சுண்ணே. அவன் போனப்ப இருந்த வயசுலயே அது இருக்கட்டும்."

எங்கள் கடையில் இன்று உண்மையான சரக்கு ஒன்றே ஒன்றுதான், அதை விற்க மாட்டோம், மற்றதை வாங்காதீர்கள் என்று நாங்களே சொல்கிறோம், இருந்தும் காலையில் தவறாமல் கடையைத் திறந்துவிடுகிறோம்.