முன் எட்டு வரிசைக்கு மட்டும்

கோயில் கதவில் மாட்டியிருந்த அறிவிப்பை கிளெண்டா கிரம்மிட் பதினோராவது தடவையாகப் படித்தாள். படிக்கப் படிக்கக் காது மடல் சூடேறியது. அந்த நவம்பர் மாதத்தில் செயின்ட் போடோல்ஃப் கோயிலில் சூடாக இருந்தது அது ஒன்றுதான்.

பழைய எண்ணெய்க் கொதிகலனை அகற்றப் போகிறார்களாம். அதற்குப் பதில் கரிப்புகை விடாத மின்சூடேற்றிகளை, நடுக்கூடத்தின் முன் எட்டு வரிசைப் பெஞ்சுகளுக்கு அடியில் பொருத்தப் போகிறார்களாம். ஆட்சேபம் உள்ளவர்கள் இருபத்தெட்டு நாட்களுக்குள் பேராயரின் திருமண்டலப் பதிவாளருக்கு எழுதலாமாம்.

கொதிகலனுக்காக அழுகிற ஆள் அவள் இல்லை. முப்பத்தொரு வருஷமாக அது துப்பிய கரியைத் துடைத்தவள் அவள்தான். ஈஸ்டருக்கு முந்தின வாரம் தூண்களைத் துடைத்தால் வாளித் தண்ணீர் மை போலாகும். அக்டோபரில் சோதிக்க வந்த ஆள் இனிமேல் இதைப் பற்றவைத்தால் ஆபத்து என்று சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டுப் போனபோது அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். மின்சாரம் வரட்டும். ஊரைச் சுற்றிச் சதுப்பு வயலெல்லாம் காற்றாலைகள் சுழல்கின்றன. அதில் கொஞ்சம் கோயிலுக்குள்ளும் வந்தால் என்ன?

முன் எட்டு வரிசை என்பதுதான் அவளுக்குத் தொண்டையில் சிக்கியது. அந்த எட்டு வரிசையில் இரண்டே பேரைத் தவிர யாரும் உட்காருவதில்லை.

கிளெண்டா பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள். பட்டாணித் தொழிற்சாலையில் வேலை. ஓடுகிற பட்டையில் பச்சை ஆறு போலப் பட்டாணி வந்துகொண்டே இருக்கும். அதில் கல், நத்தை, முள்செடி மொட்டு எது வந்தாலும் கண்ணால் பிடித்துக் கையால் எடுத்துப் போட வேண்டும். இயந்திரச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. இருபது வருஷம் அப்படி நின்றதில் வாய் சுருங்கிவிட்டது, கண் கூர்மையாகிவிட்டது. தொழிற்சாலையை மூடியதும் கோயிலைச் சுத்தம் செய்யும் வேலைக்கு வந்தாள். புருஷன் பாரி லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். ஒன்பது வருஷத்துக்கு முன் போய்ச் சேர்ந்தான். ஊரில் பாதிப் பேருக்கு அவள் குரல் எப்படியிருக்கும் என்றே தெரியாது. கோயிலை நடத்தும் சேகரக் கமிட்டி கூடும்போது டீ கொண்டுவருகிறவள் என்று தெரியும்.

புதன்கிழமை மேசை தொடங்கியதும் அந்தக் கண்ணால்தான். ஒரு புதன்கிழமை காலை அவள் பெருக்கிக்கொண்டிருந்தபோது, பின்மூலை ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில், பழைய இரும்புச் சூட்டுக்குழாயில் முதுகை ஒட்டிக்கொண்டு பெரில் எப்டன் உட்கார்ந்திருந்தாள். கை கூப்பியிருந்தாள், உதடு அசையவில்லை. அடுத்த புதனும் வந்தாள், அதற்கடுத்த புதனும். மூன்று மணி நேரம் யாரும் ஜெபம் செய்வதில்லை. கிளெண்டா எதுவும் கேட்கவில்லை. நாலாவது வாரம் பிளாஸ்கில் டீயும், வெண்ணெய் தடவிய பழரொட்டியும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். பிறகு ரெஜி காட் வந்தான். பட்டாணி லாரி ஓட்டி நுரையீரலைத் தொலைத்தவன். எட்டுப் பேரானார்கள். ஒரு மடக்கு மேசை போட்டாள். வீட்டில் சூடு போட வழியில்லாதவர்கள் என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. சீட்டாட வருகிறோம் என்றார்கள்.

போன ஜனவரியில் கொதிகலன் இரண்டு வாரம் படுத்துவிட்டது. புதன்கிழமை கோயிலைத் திறக்க வேண்டாம் என்று கமிட்டி சொல்லிவிட்டது. பெரில் வீட்டிலேயே இருந்தாள். முன்கூட்டியே காசு போட்டால்தான் ஓடும் மீட்டர் அவள் வீட்டில். பத்தாம் நாள் கிளெண்டா போய்க் கதவைத் தட்டியபோது, பெரில் இரண்டு கோட்டுகளுக்குள் நாற்காலியில் இருந்தாள்; யார் வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். நிமோனியா என்று இறப்புச் சான்றிதழில் எழுதினார்கள். கிளெண்டா அதை நிமோனியா என்று ஒருநாளும் சொன்னதில்லை. கதவைப் பூட்டியதால் செத்தாள் என்றுதான் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

சூடாக்கும் திட்டத்துக்குத் தலைவர் டெஸ்மண்ட் ஸ்டான்யன். பாலம் கட்டும் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்று, நாலு வருஷத்துக்கு முன் இந்த ஊருக்கு வந்தவர். கெட்டவர் இல்லை. பூமி கொதிக்கிறதே என்று உண்மையாகவே தூக்கம் கெட்டவர். அவரும் அவர் மனைவி ரோஸலிண்டும் முதல் வரிசையில்தான் உட்காருவார்கள். ஊரில் மற்ற எல்லோரும் பின்னால் உட்காருவார்கள். ஏன் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. அவரவர் அம்மா உட்கார்ந்த பெஞ்சு, அதற்கு முந்தின வரிசையில்கூட உட்காரமாட்டார்கள். நடுவில் பத்து வரிசை காலியாகக் கிடக்கும்.

அக்டோபர் கடைசி ஞாயிறு, முன் இரண்டு பெஞ்சுகளுக்கு அடியில் சூடேற்றி வைத்துச் சோதனை பார்த்தார்கள். கோயிலுக்குள் மூச்சு விட்டால் புகை வந்தது. பின்னால் இருபத்துமூன்று பேர் தொப்பியும் கம்பளிக் கழுத்துத்துணியுமாகக் குறுகி உட்கார்ந்திருந்தார்கள்.

"முன்னாடி வெதுவெதுன்னு இருக்காம். போய் உக்காரேன் ரெஜி," என்று கிளெண்டா காதருகே சொன்னாள்.

"போடி. அங்க உக்காந்தா ஃபிலிப்பாம்மா பிரசங்கம் பூரா என்னையவே பாத்து சொல்ற மாதிரி இருக்கும். நான் என்ன பாவம் பண்ணேன்?"

"வண்டி வண்டியா பண்ணியிருக்க."

"அதான் சொல்றேன், பின்னாடியே இருந்துக்கறேன்."

முதல் வரிசையில் டெஸ்மண்டும் ரோஸலிண்டும் கோட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்கள். அடுத்த வியாழன் கமிட்டியில் அவர் அறிக்கை வாசித்தார். சோதனை முழு வெற்றியாம்.

"நானும் ரோஸலிண்டும் கோட்டே போடாம உக்காந்திருந்தோம். கன்னத்துல சூடு தெரிஞ்சுது. அற்புதம்!"

டீ தட்டோடு நின்றிருந்த கிளெண்டாவின் வாயிலிருந்து அவளை அறியாமல் வந்துவிட்டது. "மத்தவங்க யாரும் கழட்டலையே."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மேசை பேசியிருந்தால்கூட அவ்வளவு திகைத்திருக்க மாட்டார்கள்.

"அவங்க முன்னாடி வரணும், கிளெண்டா," என்றார் டெஸ்மண்ட் பொறுமையாக. "சூடு இருக்கற எடத்துக்கு ஜனங்க தானா வருவாங்க. அது மனுஷ சுபாவம்."

"இந்த ஊர்ல வரமாட்டாங்க. அப்புறம் புதன்கிழமை மேசை... அது பின்னாடிதான்..."

"அதெல்லாம் அடுத்த கட்டத்துல யோசிப்போம். டீ பிரமாதம், கிளெண்டா."

ஆறு ஊர்க் கோயில்களுக்கு ஒரே குருவானவரான ஃபிலிப்பா, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளெண்டா தட்டோடு வெளியே வந்தாள்.

அப்புறம்தான் அந்த அறிவிப்பு கதவுக்கு வந்தது. முதல் நாளிலிருந்தே அவள் ஒரு காரியம் செய்தாள். பெருக்கும்போது ஒவ்வொரு வரிசைக் குப்பையையும் தனித்தனி ரொட்டிப் பையில் போட்டு, வரிசை எண்ணை எழுதி வைத்தாள். மூன்று வாரம். பட்டாணி பொறுக்கிய கைக்கு அது ஒரு வேலையே இல்லை. முன் எட்டுப் பைகளில் தூசி, செத்த வௌவால் ஒன்று, ரோஸலிண்டின் புதினா மிட்டாய்த் தாள் இரண்டு. பின்வரிசைப் பைகளில் இருமல் மிட்டாய்த் தாள்கள், கசங்கிய டிஷ்யூ, காதுக்கருவியின் பேட்டரி, ஒற்றைக் கையுறை, உடைந்த கிரேயான், பிஸ்கட் துகள். ஞானஸ்நானத் தொட்டி மூலையின் பையில் சீட்டுக்கட்டின் ஆடுதன் ராணி ஒன்றும் கிடந்தது.

இருபத்தைந்தாம் நாள் அடுப்படி மேசையில் உட்கார்ந்து கடிதம் எழுதினாள். நாலு வரிக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. கோயிலில் ஜனங்கள் உட்காரும் இடம் எது என்று பைகளைப் பார்த்தால் தெரியும். புதன்கிழமை ஏழு பேர் வருகிறார்கள், எட்டுப் பேராக இருந்தார்கள். மின்சாரச் சூடு வேண்டும், ஆனால் ஆள் இருக்கிற இடத்தில் வேண்டும் என்று எழுதினாள். பைகளை ஒரு செருப்புப் பெட்டியில் அடுக்கி, கடிதத்தை மேலே வைத்துத் தபாலில் போட்டாள். வௌவாலை மட்டும் எடுத்துவிட்டாள்.

ஆட்சேபம் வந்துவிட்டதால் வேலை நின்றது. திருமண்டல நீதிபதி விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் வரை ஒரு ஆணிகூட அடிக்க முடியாது. அன்றிலிருந்து ஊர் அவள்மேல் திரும்பியது. பூ அலங்காரம் செய்கிற பெண்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். கடையில் ஒருத்தி, அவள் காதுபடவே, "துடைக்க வந்தவளுக்கு எஞ்சினியர் வேலை எதுக்கு?" என்றாள். கிறிஸ்துமஸ் ஆராதனையில் ஆர்கன் வாசிப்பவர் விரல் விறைத்துப் பாட்டின் நடுவில் நிறுத்தியபோது, நாற்பது தலைகள் அவள் பக்கம் திரும்பின. அவள் தரையைப் பார்க்கவில்லை. முதன்முறையாக எல்லோரையும் திருப்பிப் பார்த்தாள்.

ஃபிலிப்பா வீட்டுக்கே வந்தாள்.

"வாபஸ் வாங்கிடுங்க கிளெண்டா. முன்னாடியாவது சூடு வரட்டும். பின்னாடிக்கு அடுத்த கட்டத்துல பாக்கலாம்."

"அடுத்த கட்டம்னு காகிதத்துல எங்க போட்டிருக்கு?"

"போடல... ஆனா—"

"அப்ப அது இல்ல."

"ஊரே உங்கமேல கோவமா இருக்கு, கண்ணு."

"இருக்கட்டும். பெரில் செத்தப்ப ஒருத்தருக்கும் கோவம் வரலையே. அப்ப எங்க போச்சு இந்தக் கோவமெல்லாம்?"

ஃபிலிப்பா அவள் தோளுக்கு மேலாக அடுப்படியைப் பார்த்தாள். அந்த அடுப்படியில் அப்போது ஏழு பேர் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து, அவித்த பீன்ஸும் ரொட்டியும் தின்றுகொண்டிருந்தார்கள். அன்று புதன்கிழமை; சூடில்லாத கோயிலை விட்டு மேசை அவள் வீட்டுக்கு வந்திருந்தது. ரெஜி கழிவறைக் கதவில் சாய்ந்தபடி, "உள்ள வாங்க ஃபிலிப்பாம்மா, எட்டாவது ஆளுக்கு எடம் பண்ணலாம். யாராச்சும் மூச்சு விடாம இருந்தா போதும்," என்றான்.

ஜனவரி கடைசியில் தீர்ப்பு வந்தது. பதினான்கு பக்கம். கிளெண்டா அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் படித்தாள். ஒன்பதாம் பக்கத்தில் செருப்புப் பெட்டி இருந்தது. மனு செய்தவர்கள் இருக்கைகளை எண்ணியிருக்கிறார்கள், ஆட்சேபித்தவர் மனிதர்களை எண்ணியிருக்கிறார் என்று நீதிபதி எழுதியிருந்தார். சூடேற்றிகளைப் பின் ஏழு வரிசைகளில் பொருத்த வேண்டும்; தொட்டி மூலைச் சுவரில் ஒரு சூட்டுப் பலகை மாட்ட வேண்டும்; முன்னால் ஒரு வரிசைக்கு மட்டும் போதும்.

மார்ச்சில் வேலை முடிந்தது. பொருத்த வந்த மின்பணிப் பெண்ணின் பெயர் ஜோடி. கடைசி நாள் கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டாள்: "இந்த மூலைல யாரு உக்காருவாங்க? நல்லா சுடும்."

"புதன்கிழமை ஆளுங்க."

ஜோடியின் கை நின்றது. "புதன்கிழமையா? ஞாயித்துக்கிழமை ஒம்பதரைலேர்ந்து பதினொண்ணரை வரைக்கும் மட்டும்தானே ஸ்டான்யன் சார் செட் பண்ணச் சொன்னாரு? மத்த நேரம் ஓடவே ஓடாது. சுவிட்ச் பெட்டிய வேற பூட்டிட்டாரு."

கிளெண்டாவின் காது மடல் மறுபடி சூடேறியது.

புதுச் சூட்டை ஜெபித்துத் தொடங்கிவைக்க அந்த ஞாயிறு பெரிய குருவானவர் ஒருவர் வந்திருந்தார். பின்வரிசைகளில் இடம் இல்லை. ஆட்கள் கோட்டுப் பொத்தானைக் கழற்றி, காலை நீட்டி, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். கடையில் ஏசியவள் கிளெண்டாவைப் பார்த்து, "பூனைக்குட்டி மாதிரி கதகதன்னு இருக்கு, கண்ணு," என்றாள். கிளெண்டா சிரிக்கவில்லை.

டெஸ்மண்ட் எழுந்து நன்றி சொன்னார். ஜனங்கள் உட்காரும் இடம் அறிந்து சூட்டை அமைத்தோம் என்றார். கட்டடக்கலைஞருக்கு நன்றி, கமிட்டிக்கு நன்றி. "கடைசியா, நம்ம கிளெண்டாவுக்கு. இத்தனை கூட்டத்துக்கும் சளைக்காம டீ போட்டதுக்கு."

கைதட்டினார்கள். கிளெண்டா எழுந்தாள். கைதட்டல் இன்னும் கூடியது, நன்றி வணக்கம் சொல்லப் போகிறாள் என்று நினைத்தார்கள். அவள் நடுவழியில் நடந்து, காலியான பத்து வரிசைகளைத் தாண்டி, முதல் வரிசை வரை போனாள். வாழ்நாளில் இத்தனை பேருக்கு முன்னால் நின்றதில்லை.

"புதன்கிழமை?" என்றாள்.

"என்னம்மா?"

"புதன்கிழமை பெட்டி பூட்டியிருக்கு. ஞாயித்துக்கிழமைக்கு மட்டும்தான் ஓடும்னு செட் பண்ணியிருக்கீங்க."

டெஸ்மண்டின் முகம் சிவந்தது. "அது வந்து... மின்சாரம் வீணாகக் கூடாதுல்ல? அதைப் பத்தி அடுத்த கமிட்டியில—"

"போன வருஷம் ஜனவரியில கதவப் பூட்டினதும் கமிட்டிதான்." குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. "பெரில் எப்டன் அங்க பின்னாடிதான் உக்காந்திருப்பாங்க. ரெண்டு கோட்டு போட்டுக்கிட்டு, தன் வீட்டு நாற்காலியிலயே வெறச்சுப் போனாங்க. ஒரு கமிட்டிக் காகிதத்துலயாவது அவங்க பேர எழுதுனீங்களா? சாவியக் குடுங்க."

பெரிய குருவானவர் தன் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ரெஜியின் கரகரத்த குரல் வந்தது: "குடுங்க சார். இல்லன்னா நாங்க ஏழு பேரும் புதன்கிழமை உங்க வீட்டுக்கு வர்றோம்."

யாரோ சிரித்தார்கள். ரோஸலிண்ட் சிரிக்கவில்லை. அவள் குனிந்து, புருஷனின் கோட்டுப் பைக்குள் கைவிட்டு, சாவிக்கொத்தை எடுத்து, அதிலிருந்து சின்னதாக ஒன்றைக் கழற்றி நீட்டினாள். நகம் மடங்கி வலித்திருக்க வேண்டும், முகத்தைச் சுளித்தாள்.

கிளெண்டா நன்றி சொல்லவில்லை. சாவியை மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, அதே நடுவழியில் திரும்பி நடந்தாள். பின்வரிசையில் ரெஜி நகர்ந்து இடம் விட்டான்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கே போய்ப் பெட்டியைத் திறந்து, ஜோடி சொல்லிக்கொடுத்தபடி பொத்தானை அழுத்தினாள். மூலைச் சுவரின் பலகை மெல்லச் சிவந்தது. மடக்கு மேசையை விரித்தாள், கோப்பைகளை அடுக்கினாள். ஏழுதான் வைத்தாள். பத்து மணிக்கு முதல் ஆள் வந்தபோதும் அவள் கோபம் ஆறியிருக்கவில்லை. அது ஆறட்டும் என்றும் அவள் நினைக்கவில்லை.