பட்டுக்கோட்டை பஸ்ஸில் டுரியான்

மலேசியாவில் இருந்த வாப்பா ஒருநாள் வீடியோ காலில் டுரியான் மரத்தைக் காட்டினார். காட்டோரத்தில் தென்னையைவிட உயரமாக நின்றது. கிளையெல்லாம் முள்ளு முள்ளாகப் பழம். "எனக்கும் வேணும் வாப்பா" என்று சொல்லிவிட்டு மறந்துபோனேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அவர் மறக்கவில்லை. ஊருக்கு வந்தபோது சுளைகளை டப்பாவில் அடைத்து, பைமேல் பையாகச் சுற்றிக் கொண்டுவந்தார். நானும் உம்மாவும் திருச்சிக்குப் போய் அழைத்து வந்தோம். தஞ்சாவூரில் பட்டுக்கோட்டை பஸ் கூட்டத்தில் நெரிந்தது. முன்னால் ஒரு அம்மாவின் பக்கத்தில் எனக்கு மட்டும் இடம் கிடைத்தது; உம்மா நடுவிலும் வாப்பா டப்பாவோடு பின்னாலும் நின்றார்கள். எதிர் சீட்டில் என் வகுப்புப் பெண் ஒருத்தி.

யாருடைய மூட்டையோ அழுத்தி டப்பா மூடி விட்டுக்கொண்டது. ஒரத்தநாடு வருவதற்குள் பஸ் முழுக்க வாடை. என் வகுப்புக்காரி துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"கேஸ் லீக்காகுதா?" என்று யாரோ கத்தினார்கள்.

கண்டக்டர் மோப்பம் பிடித்துக்கொண்டே வாப்பாவிடம் போய் நின்றார்.

"என்னய்யா இது, செத்த எலியா?"

"பழம்ங்க. ரொம்ப ருசியா இருக்கும். எம்புள்ள ஆசப்பட்டுச்சு. அதோ, முன்னால உக்காந்திருக்கு பாருங்க."

மொத்த பஸ்ஸும் திரும்பியது.

"பாப்பா, இவரு உங்க அப்பாவா?"

நான் இல்லையென்று தலையாட்டி, பக்கத்து அம்மாவின் மேல் சாய்ந்துகொண்டேன்.

வாப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றது. "ஆமாங்க, வேற புள்ளய பாத்துட்டேன்" என்றார்.

வாப்பாவைப் பழத்தோடு இறக்கிவிட்டார்கள். உம்மா விறுவிறுவென்று வந்து என் கையைப் பிடித்து இழுத்தபோது குட்டு வெளிப்பட்டது. பஸ்ஸே சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது; அத்தனை கோபமும் வாப்பாவின் மேல்தான்.

வாய்க்கால் மதகில் உட்கார்ந்து அவர் ஒரு சுளையை நீட்டினார். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். உம்மா வாங்கித் தின்று, "நல்லாத்தாங்க இருக்கு" என்றார். மிச்சத்தை வாப்பா வரப்போரம் கொட்டி மண்ணைத் தள்ளினார். வாய்க்காலில் இறங்கி, மணலைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை கழுவினார்.

அடுத்த பஸ் காலியாக வந்தது. என்னையும் உம்மாவையும் முன்னால் உட்காரவைத்துவிட்டு, அவர் பின்படிக்கட்டுப் பக்கம் போய்க் கம்பியைப் பிடித்து நின்றார். உம்மா திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவர் வெளியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காற்று வாங்குகிறார் என்று நினைத்தேன். ஊர் வரைக்கும் அவர் எனக்காக யாரோ ஒருவராக வந்தார் என்பது எனக்கு அன்று புரியவில்லை.