கேபிள்காரர் கொடுத்த வெள்ளைப் பெட்டி

திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்கு இன்டர்நெட் கொடுப்பவர் பழைய கேபிள் டிவிக்காரர். இணைப்போடு ஒரு வெள்ளைப் பெட்டியையும் சுவரில் மாட்டிவிட்டுப் போனார். அதை ரவுட்டர் என்று சொல்வதே அதிகப்படியான மரியாதை. மழை பெய்தால் படுத்துக்கொள்ளும். வெயில் அடித்தால் மயங்கிவிடும். இரண்டும் இல்லாவிட்டாலும் மாலையானால் தவறாமல் காலை வாரிவிடும்.

மாலையில்தான் என் மனைவிக்கு வேலை. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறாள். பாதி வகுப்பில் திரை அப்படியே நின்றுவிடும். இன்னொரு முறை இப்படி ஆனால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அன்று அவள் சாப்பிடவில்லை.

சொந்தமாக ரவுட்டர் வைத்துக்கொள்கிறேன் என்று கேபிள்காரரிடம் சொன்னேன். கோயில் உண்டியலில் கை வைக்கப் போகிறவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“வெளிய வாங்குனதுலாம் நம்ம லைனுக்கு செட்டாவாது சார். பொட்டிய மட்டும் தொட்டுடாதீங்க.”

பெரிய விஞ்ஞானி. பெட்டிக்குள் நுழையும் பாஸ்வேர்டு அதன் அடியிலேயே ஒட்டியிருந்தது. விழுப்புரம் போய் நல்ல ரவுட்டராக வாங்கி வந்தேன். பெட்டியை லைன் வருவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, அதன் வைஃபையை அடியோடு அணைத்து, பாஸ்வேர்டையும் மாற்றினேன். அன்று வகுப்பு ஒரு முறைகூட அறுபடவில்லை. கையில் சாக்பீஸ் இருந்திருந்தால் மனைவி அதைத் தூக்கிப் போட்டுப் பிடித்திருப்பாள்.

நான் எதிர்ப்பக்கத்து டீக்கடைக்குப் போனேன். வகுப்பு அறுந்த நாளெல்லாம் அங்கே போய்த்தான் புலம்புவேன். கடைக்காரரும் போனில் கிரிக்கெட் பார்த்தபடியே எனக்காக வருத்தப்படுவார். அன்று அவர் போனைக் கவிழ்த்து வைத்திருந்தார். பெஞ்சில் ஒருவரும் இல்லை.

“சாயங்காலத்துலேர்ந்து நெட்டு வரலீங்க, பேஜாரா இருக்குது. உங்க பொட்டியிலேர்ந்துதான் கடைக்கு வருதுன்னு கேபிள்காரரு சொன்னாரு. நீங்கதான் மனசு வெச்சு குடுக்கச் சொன்னீங்களாமே. அதான் உங்களுக்கு மட்டும் எப்பவும் ஸ்ட்ராங்கா போட்டுக்கினு இருக்கேன்.”

எனக்குத் தெரியாமல் கேபிள்காரர் என் வீட்டு நெட்டை எடுத்துத் தானம் செய்து, வள்ளல் பட்டத்தை மட்டும் எனக்குக் கொடுத்திருக்கிறார். பிச்சைக்காரன் தட்டில் கை வைப்பவனுக்குக்கூடக் கொஞ்சம் கூச்சம் இருக்கும்.

மறுநாள் மாலை கேபிள்காரரே வீட்டுக்கு வந்தார். வாய் வரை வந்த வசவை நான் கொட்டுவதற்கு முன்னால் மனைவி ஜன்னலைத் திறந்தாள். பெட்டியின் வைஃபையைக் கொஞ்சம் போட்டுவிடச் சொன்னார்.

“கிளாஸ் போய்க்கினு இருக்குதுங்க,” என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினாள்.