பாரிஸில் நிற்கக் கூடாத இடங்கள்

ஊரில் போர் முடிகிற அந்த மாதங்களில் நான் பாரிஸைப் படித்துக்கொண்டிருந்தேன். அக்கா வன்னிக்குள் சிக்கியிருந்தார். தைப்பொங்கலுக்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. சமையலை விட்டுவிட்டு நான் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருக்க, என் கணவருக்குப் பொறுமை போய்விட்டது. இங்கே கனடாவில், மோர்னிங்சைட்டில் வீட்டுக்குக் கிட்ட நடந்த மாலை வகுப்பொன்றில் என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தார்.

"கிழமையில ரெண்டு மணித்தியாலமாவது வேற எதையும் யோசியும்."

பாரிஸின் வரலாறும் பண்பாடும், அதன் தெருக்கள் சதுக்கங்கள் வழியாக. அந்தப் பாடத்தில்தான் இடம் இருந்ததாம்.

கணவர் கனடா வருமுன் பாரிஸில் மூன்று வருடம் இருந்தவர், கையில் விசா இல்லாமல். ஆகவே வீட்டிலும் எனக்கொரு வாத்தியார் வாய்த்தார். வகுப்பில் ஆசிரியை ஒரு சதுக்கத்தின் படத்தைக் காட்டி அதன் தூண்களைப் புகழ்வார். வீட்டில் இவர் அதே படத்தைப் பார்த்து, "உதில நிக்கக் கூடாது. உந்தச் சிலைக்குப் பின்னால பொலிஸ் நிப்பான்" என்பார். லூவர் அரண்மனை தெரியுமா என்று கேட்டேன்.

"ஓம், அதைச் சுத்தி நடந்துதானே வேலைக்குப் போறனான்."

"உள்ளுக்குப் போகேல்லையே?"

"உள்ளுக்கு என்ன இருக்கு?"

ஈபிள் கோபுரத்துக்கு ஒரே ஒருமுறை போயிருக்கிறார், ஊருக்கு அனுப்பப் படம் எடுக்க. ஒரே அறையில் தங்கியிருந்த ஒன்பது பேரும் ஒரே கோட்டைத்தான் மாறி மாறிப் போட்டுப் படம் எடுத்தார்களாம். ஊரில் ஒன்பது தாய்மாரும் அதே கோட்டைப் பார்த்துத்தான் மகன் நன்றாக இருக்கிறான் என்று நம்பினார்கள்.

சோதனையில், அந்தச் சதுக்கத்தின் அமைப்பை விளக்கச் சொன்னார்கள். படித்ததெல்லாம் மறந்துபோனது. வெளியேற இரண்டே வழி, ஒன்றில் எப்போதும் காவலர், மற்றதில் ஓடினால் ஒளிய ஒரு மரமும் இல்லை என்று இவர் சொன்னதை அப்படியே எழுதிவைத்தேன். அதிகாரத்தின் கட்டடக்கலையை இவ்வளவு கூர்மையாக யாரும் கவனிக்கவில்லை என்று குறிப்பெழுதி, ஆசிரியை முழுப்புள்ளியும் போட்டிருந்தார். இவர் அந்தத் தாளைப் பிரிட்ஜில் ஒட்டி, வந்தவர் போனவருக்கெல்லாம் காட்டினார்.

கடைசி வகுப்பு, போர் முடிந்துவிட்டதென்று செய்தி வந்த கிழமையில். போகமாட்டேன் என்றேன். இவர் கூட்டிக்கொண்டு போய், தானும் பின்வரிசையில் இருந்துகொண்டார். அன்று காட்டிய படங்களில், உலகப் போரில் விடுதலை கிடைத்த பாரிஸின் சதுக்கங்களில் சனம் ஆடுகிறது. முன்பின் தெரியாதவர்களைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சுகிறது.

வகுப்பு முடிய, எப்போதும் என் பக்கத்தில் இருக்கும் வெள்ளைக்கார அம்மா என் கையைப் பிடித்தார். உங்கள் நாட்டிலும் போர் முடிந்துவிட்டதாமே, வாழ்த்துகள் என்றார். அவருக்குக் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. நான் "தாங்யூ" என்றேன்.

காரில் ஏறியதும் அந்த அம்மாவை வாயில் வந்தபடி திட்டினேன்.

"அவ நல்ல மனசோடதானே சொன்னவ," என்றார் இவர்.

"அதுதான் எனக்கு விசர் வருது. அக்கா உயிரோட இருக்கிறாவோ எண்டே தெரியாது. நான் தாங்யூ சொல்லிப்போட்டு வாறன்."

சிவப்பு விளக்கு பச்சையாகி, பின்னால் நின்றவன் கோர்ன் அடிக்கும்வரை இவர் காரை எடுக்கவில்லை.